ஒரு திருமணம், மூன்று தேதி: சிசிலியின் பழைய பதிவேட்டைப் படிக்கும் வழி

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். பல வருடங்களாகப் பலெர்மோவில் இருக்கிறேன். கணவர் சிசிலிக்காரர். மகளுக்காக அவர் பக்கத்து வம்சாவளியை எழுதி வருகிறேன். அக்ரிஜெந்தோ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் அவருடைய முன்னோர் 1843-ல் செய்துகொண்ட திருமணத்தின் பதிவு, இத்தாலிய அரசுக் காப்பகங்களின் பழைய பதிவேடுகளைப் படமாகக் காட்டும் அந்தெனாத்தி இணையதளத்தில் கிடைத்தது. படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இத்தாலியன் பேச வரும், இந்தக் கையெழுத்துதான் பிடிபடவில்லை. தாளில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் நவம்பர் 4. வலப்பக்கம் தொடக்கத்தில் நவம்பர் 16, அதற்குக் கீழே நவம்பர் 12. நடுவில் ஆகஸ்ட் 15 என்று ஒரு அறிவிப்புத் தேதி வேறு. எது கல்யாண நாள்? 28 வயது மாப்பிள்ளையின் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘ஃபு’ என்று இருக்கிறதே, அது பெயரில் சேர்ந்ததா? இன்னொன்று, இந்தத் தம்பதியின் கடைசி மகன் 1887-ல் மணம் முடித்ததாக நகராட்சிப் பதிவு சொல்கிறது. ஆனால் அவருடைய மூத்த பிள்ளை பிறந்தது 1884-ல். வீட்டில் இதைக் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. 1843-க்கும் பின்னால் போக வழி உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஆகஸ்ட் என்று நீங்கள் படித்தது அக்டோபர். அந்தக் காலத்து எழுத்தர்கள் மாதப் பெயரைச் சுருக்க எண்ணைப் போட்டு, ‘ப்ரே’ என்ற விகுதியை மட்டும் ஒட்டுவார்கள். 7 போட்டால் செத்தெம்ப்ரே, அதாவது செப்டம்பர். 8 போட்டால் ஒத்தோப்ரே, அக்டோபர். 9 என்றால் நவம்பர். ரோமன் எக்ஸ் வந்தால் டிசம்பர். செப்தெம், ஒக்தோ, நோவெம், தெசெம் என்பவை லத்தீனில் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. மார்ச்சில் ஆண்டு பிறந்த பழைய ரோமானியக் கணக்கு மாதப் பெயர்களில் இப்படித் தங்கிவிட்டது. சந்தேகம் வந்தால் கிழமையைப் பாருங்கள். அறிவிப்பை நகராட்சிக் கதவில் ஒட்டிய நாள் ஞாயிறு என்று படிவமே சொல்லும், ‘தொமேனிகா’ என்ற சொல்லைத் தேடினால் போதும். 1843 அக்டோபர் 15 ஞாயிற்றுக்கிழமை. ஆகஸ்ட் 15 செவ்வாய்.

இனி மூன்று தேதிகளுக்கு வருவோம். கல்யாண நாள் நவம்பர் 12. மற்ற இரண்டும் அலுவலகத் தேதிகள்.

நெப்போலியன் ஆட்சியில் இத்தாலியத் தெற்கின் நிலப்பகுதிக்கு 1809-ல் வந்த குடிமைப் பதிவு, அதாவது பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதியும் முறை, முன்பு அங்கே ஆண்ட பூர்போன் வம்ச அரசர்கள் திரும்பிய பிறகும் நீடித்தது. சிசிலித் தீவுக்கு அது 1820-ல் வந்தது. ஆனால் பூர்போன்கள் திருமணத்தை மட்டும் திருச்சபையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் நகராட்சியில் நடந்தது கல்யாணம் அல்ல. தேவாலயத்தில் மணம் செய்துகொள்வோம் என்று மேயர் முன்னால் கொடுத்த வாக்குறுதி. தாளின் தலைப்பிலேயே ‘சொலென்னே ப்ரொமெஸ்ஸா’ என்று அச்சாகியிருக்கும். இடப்பத்தி முழுவதும் அதுதான். உங்கள் பதிவில் அது நவம்பர் 4. அதன் நகல் பங்குக் குருவுக்கு, அதாவது அந்த ஊர்த் தேவாலயப் பாதிரியாருக்குப் போகும். அவர் மணம் முடித்துவைத்து, நகலின் அடியில் சான்று எழுதி நகராட்சிக்குத் திருப்பி அனுப்புவார். அது வந்து சேர்ந்த நாளை வலப்பத்தியின் முதல் வரியில் போடுவார்கள், உங்களுக்கு நவம்பர் 16. பிறகு, குரு சான்றளித்தபடி மணம் இன்ன நாளில் நடந்தது, சாட்சிகள் இன்னார் என்று வரும். நீங்கள் மகளுக்கு எழுதிக்கொடுக்க வேண்டிய நாள் அதுதான். முதலில் கண்ணில் படும் தேதியை எடுத்துக்கொண்ட குடும்ப மரங்கள் இணையத்தில் எக்கச்சக்கம். வேறொருவர் ஏற்றிய தேதி உங்களுடையதோடு சில நாள் முரண்பட்டால், அவர் இடப்பத்தியை எடுத்தாரா வலப்பத்தியை எடுத்தாரா என்று முதலில் பாருங்கள்.

வலப்பத்தி வெறுமையாக இருக்கும் பதிவுகளும் எதிர்ப்படும். உடனே கல்யாணம் நின்றுபோனது என்று முடிவுகட்ட வேண்டாம். குரு நகலைத் திருப்பி அனுப்பாமல் விட்டிருக்கலாம். பங்கின் திருமணப் புத்தகத்தையும், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளின் பிறப்புப் பதிவுகளையும் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

கையெழுத்தைப் பற்றி. ஒவ்வொரு சொல்லாக மல்லுக்கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இந்தத் தாளில் பெரும்பகுதி அச்சு. எழுத்தர் நிரப்பியவை இடைவெளிகளை மட்டுமே, அந்த இடைவெளிகளின் வரிசை ஊருக்கு ஊர் மாறாது. ஆண்டு, நாள், மாதம், நேரம். மேயர் பெயர். ஊர், வட்டம், மாகாணம். மாப்பிள்ளையின் பெயர், வயது, பிறந்த ஊர், தொழில், வசிப்பிடம், தகப்பன், தாய். அதே வரிசையில் பெண்ணின் விவரம். அறிவிப்பு ஒட்டிய நாள். வாசித்துக் காட்டிய ஆவணங்கள். கடைசியில் நான்கு சாட்சிகள். அதே பதிவேட்டில் எழுத்துத் தெளிவாக உள்ள ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து, அச்சு வரிகளை ஒரு தாளில் முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பக்கத்தில் எந்த இடத்தில் என்ன வரும் என்பது தெரிந்துவிடும். வயது வரவேண்டிய இடத்தில் இருப்பது எண்ணாகத்தான் இருக்கும், தொழிலாக இருக்க முடியாது.

மாகாணத்தின் இடத்தில் ‘வால்லே தி ஜிர்ஜெந்தி’ என்றிருந்தால் திகைக்காதீர்கள். அக்ரிஜெந்தோவுக்கு 1927 வரை அதுதான் பெயர். என்னாவும் அதுவரை காஸ்த்ரோஜொவான்னி. இன்றைய பெயரைப் போட்டுத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று கைவிடுகிறவர்கள் உண்டு.

அடுத்து, அந்த எழுத்தருக்கென்று ஓர் அகரவரிசை செய்யுங்கள். என்ன சொல் என்று உறுதியாகத் தெரிந்த இடங்களிலிருந்து தொடங்க வேண்டும்: ஊர்ப் பெயர், மேயர் பெயர், மாதங்கள், எழுத்தில் எழுதிய எண்கள். முன்னும் பின்னுமாக இருபது பதிவு புரட்டினால் அவருடைய பெரிய எழுத்துகள் ஏறக்குறைய எல்லாம் அகப்படும். ஐயும் ஜேயும் ஒன்றாகவே இருக்கும். எல், எஸ், டி (T) மூன்றின் பெரிய எழுத்தும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இரட்டை எஸ்ஸில் முதலாவது எஃப் மாதிரி நீண்டு தொங்கும். அதனால்தான் அறுபதும் எழுபதும் அடிக்கடி மாறிப்போகின்றன. ‘செஸ்ஸாந்தா’வின் நீண்ட எஸ்ஸை டி என்று எண்ணினால் ‘செத்தாந்தா’ ஆகிவிடும். குறுக்குக்கோடு இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

சுருக்கெழுத்துகள் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும். பெயரின் முதல் பகுதியை எழுதி, கடைசி எழுத்தைச் சின்னதாக மேலே தூக்கி வைத்திருந்தால் நடுப்பகுதி விழுங்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஃபிரான்செஸ்கோ, அந்தோனியோ, ஜுசெப்பே, தொமேனிகோ எல்லாம் இப்படித்தான் வரும். எம் எழுதி மேலே ‘ரோ’ போட்டிருந்தால் அது பெயர் அல்ல, மாஸ்த்ரோ. கைத்தொழில் தெரிந்தவருக்கு முன்னால் போடும் மரியாதை, நம் ஊரில் கொத்தனாரை மேஸ்திரி என்பது போல. பெயருக்கு முன்னால் தனி டி (D) இருந்தால் தொன் அல்லது தொன்னா. வசதியுள்ள வீடு என்று பொருள். உங்கள் பகுதியில் ஆணுக்குக் கலோஜெரோ, ஜெர்லாந்தோ என்ற பெயர்கள் மலிந்து கிடக்கும். இரண்டும் அந்த மண்ணின் புனிதர்கள் பெயர். தொழில்களில் ‘வில்லிகோ’ நிலத்தில் பாடுபடுபவர், ‘போர்ஜேசே’ கொஞ்சம் வசதியான பயிர்ச்செய்கைக்காரர், ‘ஸொல்ஃபத்தாயோ’ கந்தகச் சுரங்கத் தொழிலாளி. அக்ரிஜெந்தோ பக்கம் கந்தகம் தோண்டிய ஊர்கள் பல, ஆகவே கடைசிச் சொல் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

குடும்பப் பெயரை ஒரே இடத்தில் படித்து முடிவுசெய்யாதீர்கள். பதிவேட்டின் கடைசியில் இருக்கும் அட்டவணையிலும் அதே பெயர் இருக்கும், பல நேரம் இன்னும் நிதானமான கையால். லோ, லா, தி என்று தொடங்கும் சிசிலிப் பெயர்களை ஒரு எழுத்தர் முன்னொட்டின் கீழ் வைப்பார், மற்றவர் அதை விட்டுவிட்டு வரிசைப்படுத்துவார். இரண்டையும் பாருங்கள். சில அட்டவணைகள் குடும்பப் பெயரை விட்டு, மாப்பிள்ளையின் சொந்தப் பெயரில் அடுக்கியிருக்கும். பெண்ணின் பெயர் அட்டவணையில் வராமலே போவதும் உண்டு. ஆனால் பதிவின் உள்ளே பெண் எப்போதும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடுதான் இருப்பாள், மணமான பின்னும், சாகும்போதும். இந்த விஷயத்தில் இத்தாலியப் பதிவேடு ஆராய்ச்சியாளருக்குக் கொடுத்துவைத்தது.

‘ஃபு’ பெயரில் சேர்ந்தது அல்ல. ‘இருந்தார்’ என்ற இறந்தகாலச் சொல், நம் ‘காலஞ்சென்ற’ இருக்கும் இடத்தில் வருகிறது. அந்த இரண்டே எழுத்து உங்களுக்கு ஒரு தேதி எல்லையைத் தருகிறது: தகப்பன் 1843 நவம்பருக்கு முன் இறந்துவிட்டார். மாப்பிள்ளையின் அண்ணன் அக்காமாரின் திருமணப் பதிவுகளையும் எடுங்கள். உதாரணமாக, 1838-ல் நடந்த ஒன்றில் தகப்பன் பெயருக்கு முன்னால் ஃபு இல்லையென்றால், நீங்கள் இறப்புப் பதிவேட்டில் புரட்ட வேண்டியது ஐந்தாறு ஆண்டுகள் மட்டும். ஒரு எச்சரிக்கை. எழுத்தர் ஃபுவை மறந்து விட்டிருக்கலாம். ஆகவே ஃபு இருந்தால் நம்புங்கள், இல்லாவிட்டால் அதையே சான்றாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

பின்னால் போகும் வழி கேட்டீர்கள். வழி அந்தத் தாளிலேயே இருக்கிறது, பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் இடத்தில். வாசித்துக் காட்டிய ஆவணங்கள் என்று ஒரு பட்டியல் வரும் என்றேன் அல்லவா, அந்த ஆவணங்கள் அத்தனையும் ஒரு கட்டாகக் கட்டித் தனியே வைக்கப்பட்டன. தளத்தில் ‘ப்ரொச்செஸ்ஸெத்தி’ என்றோ ‘அல்லெகாத்தி’ என்றோ தனித் தொகுதியாக இருக்கும். ஊருக்கு ஊர் நிலைமை மாறும்: சில ஊர்களுக்கு முழுமையாக உண்டு, சிலவற்றுக்குச் சில ஆண்டுகள் மட்டும், சிலவற்றுக்கு அறவே இல்லை. தளத்தில் இல்லையென்றால் அக்ரிஜெந்தோ அரசு ஆவணக் காப்பகத்துக்கு, பதிவு எண்ணையும் ஆண்டையும் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். கட்டுகள் பதிவு எண் வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால் அந்த எண் அவசியம்.

கட்டுக்குள் இருப்பவை: இருவரின் பிறப்புச் சான்றும், அறிவிப்பு ஒட்டியதற்கான சான்றும். மறுமணம் என்றால் முந்தைய துணையின் இறப்புச் சான்று. பெற்றோரில் இறந்தவர்களின் இறப்புச் சான்று. தகப்பன் இறந்திருந்தால் தகப்பன்வழித் தாத்தாவின் இறப்புச் சான்றும் பல கட்டுகளில் இருக்கும். சம்மதம் கேட்க வேண்டிய மூத்தவர் வீட்டில் யாரும் உயிரோடு இல்லை என்று காட்டுவதற்காகச் சேர்த்தது அது. உங்கள் மாப்பிள்ளை விஷயத்தில் இதுதான் புதையல். அவர் 28 வயது என்றால் சுமார் 1815-ல் பிறந்தவர். சிசிலியில் அப்போது குடிமைப் பதிவு கிடையாது. ஆகவே பங்குக் குரு ஞானஸ்நானப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதிக்கொடுத்த நகல்தான் கட்டில் இருக்க வேண்டும். தாத்தா 1820-க்கு முன் இறந்திருந்தால் அவருடைய இறப்பும் அப்படியே. கோவில் படி ஏறாமல் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த ஒருவரைப் பிடித்துவிடுகிறீர்கள்.

வயதை அந்த ஞானஸ்நான நகலோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். பதிவில் சொன்ன வயது ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் இருப்பது சகஜம். நகல் வேறு ஒருவருடையதாக இருக்கும் ஆபத்தும் உண்டு. மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர், மூத்த மகளுக்குத் தகப்பனின் தாய் பெயர் என்பது சிசிலியில் ஊறிப்போன வழக்கம். பேரனைப் ‘பெயரன்’ என்று சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளைவு என்னவென்றால், ஒரு தாத்தாவுக்கு நான்கு மகன்கள் இருந்தால் ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே பெயரில், ஒரே ஊரில் நான்கு பேரன்கள். ஒரு பிள்ளை சிறுவயதில் இறந்தால் அடுத்துப் பிறந்ததற்கும் அதே பெயரை வைத்தார்கள், ஆகவே முதலில் கிடைத்த பிறப்புப் பதிவு இறந்துபோன அண்ணனுடையதாகவும் இருக்கலாம். தகப்பன் பெயரோடு நிறுத்தாமல் தாயின் முழுப் பெயரும் பொருந்தினால்தான் ஆள் உறுதி.

1887-க்கு வருகிறேன். தயக்கத்துக்கு இடமே இல்லை. ஐக்கிய இத்தாலியின் புதிய குடிமைச் சட்டம் 1866 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து நகராட்சியில் செய்த திருமணம் மட்டுமே சட்டப்படி செல்லும், தேவாலயத் திருமணத்துக்குச் சட்ட மதிப்பு இல்லை. முந்தைய ஏற்பாட்டுக்கு நேர்த் தலைகீழ். அரசும் போப்பாண்டவரும் 1929-ல் உடன்பாடு செய்துகொள்ளும் வரை இதுவே நிலை. ஊர் மக்களுக்கோ கல்யாணம் என்றால் கோவிலில் நடப்பது. பலர் கோவிலில் மணமுடித்து, நகராட்சிக்குப் போவதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். சிலர் போகவே இல்லை. உங்கள் கணவரின் முன்னோர் 1883 வாக்கில் பங்குக் கோவிலில் மணந்திருக்கலாம். பங்கின் திருமணப் புத்தகத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

அப்படியானால் 1884 பிறப்புப் பதிவில், மணமாகாத பெண்ணோடு ஏற்பட்ட உறவில் பிறந்த பிள்ளை என்ற சட்ட வாசகம் இருக்கும். படிக்க முகம் சுளிக்க வைக்கும். அரசின் கண்ணில் கோவில் கல்யாணம் இல்லாததால் எழுத்தர் அப்படித்தான் எழுதியாக வேண்டும். 1887 திருமணப் பதிவின் பின்பாதியைக் கவனமாகப் படியுங்கள். இன்ன ஆண்டு, இன்ன எண்ணில் பதிவான பிள்ளையைத் தங்கள் பிள்ளையாக இருவரும் ஏற்றுச் சட்டபூர்வமாக்குகிறார்கள் என்று ஒரு பத்தி இருக்க வாய்ப்பு அதிகம். பிறப்புப் பதிவின் ஓரத்திலும் அதே குறிப்பு ஏறியிருக்கும். தளத்தில் ஓரம் காலியாக இருந்தால் நகராட்சியில் உள்ள பிரதியைக் கேளுங்கள். பதிவேடு இரட்டைப் பிரதி, ஒன்று நகராட்சிக்கு, மற்றது நீதிமன்றத்துக்கு. தளத்தில் உள்ளவை பெரும்பாலும் நீதிமன்றப் பிரதி, ஓரக் குறிப்பு ஒன்றில் ஏறி மற்றதில் விடுபடுவது நடக்கும். கேட்கும்போது ‘கோப்பியா இந்தெக்ராலே’, அதாவது முழு நகல் என்று எழுதுங்கள். வெறும் சான்றிதழ் கேட்டால் பெயரும் தேதியும் மட்டும் வரும்.

1820-க்கு முன்னால் போக பங்குப் புத்தகம்தான் கதி, மொழி பெரும்பாலும் லத்தீன். பயப்பட வேண்டாம், அதுவும் வாய்ப்பாடுதான். மூன்று ஓலை (கோவிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசித்தாகிவிட்டது, தடை எதுவும் வெளிப்படவில்லை, இருவரின் சம்மதத்தையும் கேட்டு, சாட்சிகள் முன் மணத்தில் இணைத்தேன். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1563-ல் விதித்த முறை இது. பதிவு மிகச் சிறியது, தாய் பெயர் விடுபட்டிருப்பதும் உண்டு. இங்கே ஃபுவின் வேலையைச் செய்வது ‘க்வொந்தாம்’. க்யூவும் எம்மும் மட்டும் எழுதி மேலே கோடிழுத்திருப்பார்கள். ‘விதுவா’ அல்லது ‘ரெலிக்தா’ என்றால் கைம்பெண். திருமணம் வழக்கமாகப் பெண்ணின் பங்கில் நடந்தது, மாப்பிள்ளை ஊரில் கிடைக்காவிட்டால் பெண்ணின் ஊரில் தேடுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் ஆடம்பரத் திருமணத்துக்குத் தடை இருந்ததால், அந்த மாதங்களில் பக்கங்கள் மெலிந்தும், தவக்காலத்துக்கு முந்தைய வாரங்களில் நிரம்பியும் இருக்கும்.

அந்தச் சின்னப் பதிவில் விதிவிலக்குப் பெற்றதாக ஒரு வரி வந்தால் விடாதீர்கள். ‘இரண்டாம் படி’ உறவு என்றால் மணமக்கள் உடன்பிறந்தோரின் பிள்ளைகள். நமக்கு அத்தை மகன், மாமன் மகள் என்றால் முறை. திருச்சபைக்கு அது தடை. மூன்றாம் படி என்றால் இருவருக்கும் பொதுவாக ஒரு கொள்ளுத்தாத்தா, நான்காம் படி என்றால் இன்னும் ஒரு தலைமுறை மேலே. இந்த விதிவிலக்குக்கான மனுக்கள் மறைமாவட்டக் காப்பகத்தில் இருக்கும். உறவை நிரூபிக்க அதில் குடும்ப மரத்தையே வரைந்திருப்பார்கள்.

சீதனப் பத்திரத்தையும் ஒருநாள் தேடுங்கள், சீதன உறுதி தெரிந்த யாழ்ப்பாணத்துக் கண்ணுக்கு அது சுலபமாகப் புரியும். ‘காப்பித்தொலி மாத்ரிமோனியாலி’ என்ற பெயரில் நொத்தாரிசு (பத்திரங்களை எழுதி உறுதிசெய்யும் சட்ட அலுவலர்) முன்னால் எழுதியது, திருமணத்துக்குச் சற்று முந்தைய தேதியில் இருக்கும். கட்டில், விரிப்பு, பாத்திரம் வரை பட்டியல் போட்டிருக்கும். அந்த மாகாணத்து நொத்தாரிசுக் கட்டுகள் அக்ரிஜெந்தோ காப்பகத்திலும் அதன் ஷாக்கா கிளையிலும் உள்ளன. நொத்தாரிசின் பெயர் தெரியாமல் தேடுவது வைக்கோல்போரில் ஊசி, ஆகவே இதைக் கடைசிக்கு வையுங்கள்.

இப்போதைக்கு 1843 பதிவின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஆவணக் கட்டைத் தேடுங்கள். அகப்படாவிட்டால் அந்தப் பதிவின் எல்லாப் பக்கங்களின் படத்தையும் அனுப்பிவையுங்கள். பட்டியல் பல நேரம் பக்கத்தின் மறுபுறம் தொடரும், நீங்கள் அனுப்பிய படத்தில் அது இல்லை.